பொம்பளைதானா?

“அவ பொம்பளையே இல்லீங்க! எளுதி வெச்சுக்குங்க!” என்று மேசையைத் தட்டினான் மருதாசலம்.

திருப்பூர் ஜூடோ சங்க ஆபீஸில் ஐந்து ஆண்கள் பஜ்ஜி தின்றுகொண்டே ஒரு பெண்ணின் உடம்பை அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண், பொன்னாத்தாள், எதிரிலேயே நின்றிருந்தாள். ஒருத்தருக்காவது கூச்சம் இருக்க வேண்டுமே!

அவிநாசியில் பனியன் மடிக்கிற வேலை அவளுக்கு. காலையில் நடந்த போட்டியில் எதிரே வந்தவர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள். போலீஸில் பெண்களை எடுக்கத் தொடங்கிய புதிது. மெட்ராஸ் போய் மாநிலப் போட்டியிலும் ஜெயித்தால் வேலை நிச்சயம் என்று அவளுடைய மாஸ்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாவதாக வந்தது மருதாசலத்தின் கம்பெனிப் பெண். பொன்னாத்தாளைத் தள்ளினால் அவள் மெட்ராஸ் போகலாம்.

“தோளப் பாருங்க, மம்முட்டி புடிச்சு மண்ணு வெட்டற ஆளாட்டம்!” என்றார் ஒருவர்.

“கழுத்துல காதுல ஒண்ணையுங் காணோம்,” என்று சட்னியை வழித்தார் இன்னொருவர். போட்டிக்கு நகை போட்டு வரக்கூடாது என்று விதி போட்டதே இவர்கள்தான். சீ, என்ன ஜென்மங்களோ!

செயலாளர் லிங்கசாமிக்கு மருதாசலம் சொன்னால் வேதவாக்கு. இருக்காதா பின்னே? வருகிற தையில் அவர் மகளைக் கட்டப்போகிறவன் ஆயிற்றே. வெள்ளகோவிலிலிருந்து வெறுங்கையோடு வந்து, கல்யாணத்தைக்கூட நினைக்காமல் உழைத்துக் கம்பெனி வைத்த பையன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று அதட்டினார் லிங்கசாமி.

“அவிங்க சொல்றது பொய்யிங்க.”

“அவிங்கன்னா யாரு? பேரச் சொல்லிச் சொல்லு!”

“பேரச் சொல்ல மாட்டனுங்க.”

“பாத்தீங்களா மாமா, திமிர!” என்று சிரித்தான் மருதாசலம்.

லிங்கசாமி முடிவு சொன்னார். பக்கத்து அறையில் நர்ஸ் அவளை அவிழ்த்துப் பார்க்கட்டும். சம்மதமில்லை என்றால் மெட்ராஸ் கிடையாது. அவிழ்த்துப் பார்க்கணுமாம்! கல்யாணத்துக்கு மகளை வைத்திருக்கிற மனுஷன் வாயில் வருகிற பேச்சா இது? தூ!

நர்ஸ் குப்பாயிக்கே இது பொறுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி, இவ்வளவு நேரம் ஒருவரும் கேட்காததை அவள் கேட்டாள்.

“ஏங்கண்ணு, உனக்குக் கல்யாணங் காட்சி, புள்ள குட்டின்னு ஏதாச்சும் ஆயிருக்குதா?”

பொன்னாத்தாள் நிமிர்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கையை நீட்டி மருதாசலத்தைக் காட்டினாள்.

“என்ற பையனுக்கு அப்பன் அவிங்கதானுங்க.”