குறி தவறாத கருவி

“சுட வேண்டிய மான் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?” என்று கேட்டான் வேட்டைச் சாமான் கடைக்காரன்.

“அறுநூறு மீற்றர். அசையவே அசையாது” என்றார் யோகராசா, பல்லைக் கடித்தபடி.

கோல்ஃப் ஆடுபவர்களின் மலிவான கருவியை ஒதுக்கிவிட்டு, ஆயிரம் மீற்றர் வரை லேசரால் தூரம் அளக்கும் வேட்டைக்காரர் கருவியையே வாங்கினார்.

வீட்டில் அதைக் கண்டதும் அவர் மனைவி சியாமளா பதறினாள். “துவக்குக்காரரின்ர சாமான் உங்களுக்கு எதுக்கு? ஆரைச் சுடப் போறியள்?”

“கவுன்சில்காரரை ஒரு கை பாக்கப் போறன்!”

ஒன்பதாம் மாடி பால்கனியில் நின்று, எதிரே தெரிந்த பள்ளிக்கூட வாசலைக் குறிவைத்துப் பட்டனை அமுக்கினார்.

“பார், அறுநூற்றுப் பத்து! கிட்ட இருக்கிற பிள்ளையளுக்குத்தான் பள்ளிக்கூடத்தில இடமாம்; கடைசியா இடம் கிடைச்ச பிள்ளைக்கு அறுநூற்று நாற்பதாம். எங்கட மகள் ஆரணிக்கு மட்டும் நேர்கோட்டில அறுநூற்று எழுபதெண்டு எழுதி, இடமில்லை எண்டிட்டாங்கள். கள்ளர்! அளக்கத் தெரியாத பொய்யர்!”

சியாமளா கவுன்சில் கடிதத்தை எடுத்து மேலிருந்து வாசித்தாள். அவள் முகம் சிவந்தது.

“ரோட்டால நடந்தா உங்கட அண்ணை வீடுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட எண்டு, விண்ணப்பத்தில அவரின்ர விலாசத்தைப் போட்டது ஆர்?”

யோகராசாவின் கை கருவியோடு தாழ்ந்தது.

“அவங்கள் சரியாத்தான் அளந்திருக்கிறாங்கள்” என்று கடிதத்தை அவர் மீது எறிந்தாள். “நீங்கள் சொன்ன பொய்யில இருந்து!”