மூன்றாம் காது

"இதை எழுதினவனைப் பெத்தவ அவனை எப்படித்தான் வளர்த்தாளோ, எனக்கு அது மட்டும் தெரிஞ்சாகணும் சார்!"

வார இதழின் ஆசிரியர் அவசரமாக எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மொதல்ல உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. கைப்பையைப் பொத்தென்று மேசைமேல் வைத்தாள். அங்கே நாளைய இதழின் பக்கங்கள் அச்சுக்குப் போகத் தயாராகப் பரப்பப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அவள் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் பெட்டிகளில் எல்லாம் ஒட்டியிருக்கும் அதே கன்னக்குழிச் சிரிப்பு. படத்துக்குக் கீழே அவனுடைய முதல் ஆல்பமான 'பாக்கெட்டில் நிலா'வுக்கு விமர்சனம். தலைப்பு: 'நிலாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது'. எழுதியவர் பெயர்: மூன்றாம் காது.

"காலையிலேயே இணையத்துல போட்டுட்டீங்க. அதை எடுக்கணும். புத்தகத்துலயும் வரக்கூடாது. அவன் பார்க்கறதுக்குள்ள."

"தம்பி இன்னும் பார்க்கலையா?"

"பார்க்க விடுவேனா? அவன் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போனை எடுத்து என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். இந்நேரம் வீட்டையே தலைகீழா புரட்டிக்கிட்டு இருப்பான். புரட்டட்டும். சின்ன வயசுல அவன் வரைஞ்ச யானையை யாரோ எருமைன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாதவன் சார் அவன்!"

ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மத்த எல்லாப் பத்திரிகையும் தம்பியைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுதே. நாங்க ஒருத்தர் கொஞ்சம் குறை சொன்னா என்னம்மா?"

"கொஞ்சமா?" அவள் அந்தப் பக்கத்தை வெடுக்கென்று எடுத்துப் படித்தாள். "'எட்டுப் பாட்டிலும் பாடுவது பையன் அல்ல, மெஷின். பையனுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது.' பதினாறு வயசுல உடையாம அறுபது வயசுலயா சார் உடையும்?"

"அதைத்தான் அவரும் சொல்றாரு. குரல் நிக்கிற வரைக்கும், ஒரு வருஷம் சும்மா விடுங்கன்னு."

"எப்படி விடறது? அடுத்த ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு வருஷம் ஆளைக் காணோம்னா மறந்துட மாட்டாங்களா? ஊர் வாயில அவன் பேர் இருக்கறப்பவே நாலு பாட்டு பாடினாத்தானே உண்டு?"

சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு வந்தாள். இதைக் காலையிலிருந்து எத்தனை முறை படித்திருப்பாளோ, குரல் தானாகவே தழைந்தது.

"'அவனைச் சுற்றிக் கைதட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் கை அவன் அம்மாவுடையது. அந்தச் சத்தத்தில் அவன் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை.' பெத்த பிள்ளைக்குக் கைதட்டாம நான் வேற யாருக்கு சார் தட்டுவேன்?"

ஆசிரியர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை.

"யாரு அந்த மூன்றாம் காது? இருக்கற ரெண்டும் ஒழுங்கா கேட்டா மூணாவது எதுக்கு அவனுக்கு?"

"நான் நேர்ல பார்த்ததே இல்லம்மா. புது ஆளு. மின்னஞ்சல்ல அனுப்பினாரு, ஒரே ஒரு தடவை போன்ல பேசினேன். குரல் கரகரன்னு இருந்துச்சு, வயசு அம்பதுக்குக் குறையாது. ரொம்ப மரியாதையான மனுஷன். 'ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க சார்'னு கெஞ்சினாரு."

"அம்பது வயசு ஆளுக்கு என் குழந்தை மேல என்ன பொறாமை பாருங்க! கூப்பிடுங்க அவனை. நான் பேசறேன்."

"கூப்பிடறேன். அவரே சரின்னு சொன்னா எடுத்துடறேன். அதுக்கு மேல நான் இறங்கி வர முடியாதும்மா."

ஆசிரியர் தன் கைபேசியில் எண்ணைத் தேடி அழுத்தினார்.

அதே சமயம் அவள் பைக்குள் மகனின் போன் அலறியது. "அவன் கூட்டாளிங்க. விடிஞ்சதுலேர்ந்து ஓயல" என்று சலித்துக்கொண்டே, பார்க்காமலேயே கையை விட்டு அதன் வாயை அடைத்தாள்.

"கட் பண்ணிட்டாரும்மா."

"பயம்! மறுபடி போடுங்க."

அவர் போட்டார். பை மறுபடி அலறியது. "ஒரு நிமிஷம் நிம்மதியா பேச விடறாங்களா!" என்று மறுபடியும் அமுக்கினாள்.

"இப்பவும் கட் பண்றாரு."

"பார்த்தீங்களா? ஒளிஞ்சு நின்னு எழுதத் தெரியுது, நேருக்கு நேர் பேசத் துப்பில்ல. எல்லாம் பெத்தவளைச் சொல்லணும்! விடாதீங்க சார், அடிங்க."

மூன்றாவது முறை பை அலறியபோது அவள் கை பாதியில் நின்றது. ஆசிரியரின் பார்வை தன் கைபேசியிலிருந்து மெல்ல அவள் பைக்கு இறங்கியது. அவர் அழைப்பை நிறுத்தினார். பையும் அடங்கியது. மறுபடி அழுத்தினார்.

பை பாடியது.

அவள் போனை வெளியே எடுத்தாள். திரையில் 'பத்திரிகை ஆசிரியர் சார்' என்று மின்னியது.

போன மாதம் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என்னால முடியலம்மா" என்றான். "சூப்பரா இருக்கு கண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கைதட்டி அவனை உள்ளே அனுப்பியது அவள்தான்.

அவள் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்து, எதிரில் இருந்தவரை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"அவனைப் பெத்தவதான் பேசறேன் சார். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."