ஜெசிந்தா வைத்த தலைப்பு

வகுப்பில் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியே எழுதிவிடும். தலைப்பை மட்டும் பிள்ளைகள் வைக்க வேண்டும், மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ‘அப்பா’ பற்றிக் கட்டுரை. எல்லாக் கட்டுரைகளிலும் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு கதை சொன்னார். ஜெசிந்தா தன் கட்டுரைக்கு வைத்திருந்த தலைப்பு: ‘இவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை’.

செண்பகவல்லி டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அப்போ உங்கப்பா எப்படிம்மா?”

ஜெசிந்தா யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“கதையெல்லாம் சொல்ல மாட்டாங்க டீச்சர். உப்பு லாரி ஓட்டுறாங்க. எங்க தெருவைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பாங்க. நான் சோத்தை அப்படியே வச்சிட்டு மாடிக்கு ஓடுவேன்.”

முன் பெஞ்சில் இருந்த மாணவி தன் மடிக்கணினியை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“அப்புறம்?” என்றாள்.