சிவப்பு வாசல், நீல வாசல்

"ப்ரியம்வதா, சனிக்கிழமை ரேஸுக்கு கேட் எல்லாம் எப்படி வைக்கப்போறேன்னு எனக்கு மட்டும் சொல்லேன்."

அச்சுதன் இப்படிக் குழைவது கல்யாணமான பதினான்கு வருடத்தில் இதுவே முதல் தடவை. பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லித்தரும் கிளப்பில் ப்ரியம்வதா பயிற்சியாளர். இந்த வருடம் புதிதாக அப்பாக்களுக்கும் ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். சரிவில் கம்பு நட்டுப் பாதை அமைப்பது அவள் பொறுப்பு.

பந்தயத்தில் தீபக்கும் உண்டு. இவர்கள் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் அடுத்த தெருக்காரன். போன கோடையில் பாட்மிண்டனில் அச்சுதனை இருபத்தொன்றுக்கு நாலு என்று தோற்கடித்து, அதைத் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டு மானத்தை வாங்கியவன். இன்னொரு முறை அவனிடம் தோற்றால் டெக்சாஸுக்கே குடிபோய்விட வேண்டியதுதான் என்று அச்சுதன் முடிவு செய்திருந்தான்.

"சொல்றேன். ஆனா சும்மா சொல்ல முடியாதுங்க. ஒரு வாரம் சமையல் உங்களோடது," என்றாள் ப்ரியம்வதா.

அச்சுதன் சமைத்தான். சாம்பாரை மகள் அதிதி சூப் என்று நினைத்துக் குடித்தாள். தினமும் சாப்பாடு முடிந்ததும் ப்ரியம்வதா பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளில் வரைந்து தந்தாள். இரண்டு கம்பு சேர்ந்தால் ஒரு கேட், அதாவது வாசல், நடுவே புகுந்து போக வேண்டும். ஒன்று சிவப்பு, அடுத்தது நீலம், மாறி மாறி வளைய வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் அவுட். எல்லா வாசலும் சரிவுக்குக் குறுக்கே இருக்க, நடுவில் மூன்றை மட்டும் நீளவாக்கில் அடுக்கியிருந்தாள். ஆட்கள் கவிழ்வது அங்கேதான் என்றாள்.

அச்சுதன் துடைப்பம், குடை, திரைச்சீலைக் கம்பி என்று கிடைத்ததையெல்லாம் ஹாலில் நிறுத்தி, சாக்ஸ் காலோடு சறுக்கியே மனப்பாடம் செய்தான். இரண்டு முறை சோபாவில் முட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமைக்குள் கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்குத் தேறிவிட்டான்.

சனிக்கிழமை காலை மலையுச்சியில் தீபக்கைப் பார்த்ததும் அச்சுதனுக்கே பாவமாக இருந்தது. ஒன்றும் தெரியாத மனுஷன், அந்த மூன்று வாசலில் மூக்குடைபடப் போகிறான். பெரிய மனது பண்ணி வாழ்த்துச் சொன்னான். தீபக்கும் ஏனோ அவனைப் பாவமாகப் பார்த்துக் கைகொடுத்தான்.

அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. போட்டியாளர்கள் எல்லாரும் வழக்கம்போல் பாதையோரமாக மெதுவாக இறங்கி, வாசல்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நாற்பது நிமிடம்.

"எவ்ரிபடி கெட்ஸ் டு லுக், டாட். இட்ஸ் த ரூல்," என்றாள் கூடவே வந்திருந்த அதிதி.

அச்சுதன் விறுக்கென்று திரும்பினான். பக்கத்தில் நின்று நிதானமாகக் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்த ப்ரியம்வதாவிடம் நியாயம் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் தீபக் முந்திக்கொண்டான்.

"அப்போ இந்த ஒரு வாரமா உங்க அதிதிய டான்ஸ் கிளாசுக்கு நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனது எதுக்குங்க?"