விசிறி பேசி முடித்த பேரம்

மதர்போர்டும் விசிறியும் ஒரு கம்ப்யூட்டரின் பழைய தகரப் பெட்டிக்குள் இடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். நெருக்கடிதான், ஆனாலும் சந்தோஷமான காலம். போர்டுக்கு உடம்பு கொதிக்கும்போதெல்லாம் விசிறி கடகடவென்று கத்திக்கொண்டே காற்று வீசும். போர்டு கண்மூடிக் கிடக்கும். பெட்டி துருப்பிடித்து ஓட்டையானதும், இருவரும் புதுவீடு தேடிக் கடைக்கு வந்தார்கள்.

போர்டுக்குப் பிடித்தது, கண்ணாடிச் சுவரோடு பீரோ மாதிரி நின்ற ராட்சதக் கேபினெட். விசிறி பேரத்தில் இறங்கியது.

"உடம்பு பெருசா இருந்தா ஆச்சா? எங்க பழைய பெட்டி இத்தனூண்டு. ஆனா எங்களை எப்படி வெச்சிருந்தது தெரியுமா? கூட என்ன தருவே, அதைச் சொல்லு!"

"மூணு விசிறி தரேன்."

"மூணா? யாருகிட்ட கதை விடுற?"

"போதும்ணே," என்றது போர்டு.

"நீ சும்மா இருடா. உனக்குப் பேசத் தெரியாது." விசிறி கோபமாக வாசல்வரை போய் நின்றது.

கேபினெட் இறங்கி வந்தது. "சரிப்பா, கத்தாதே. விசிறி மாட்டுற எல்லா இடத்துலயும் புதுசு போட்டுத் தரேன்."

"அப்படி வா வழிக்கு!"

போர்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பின்னாலேயே ஏறப்போன விசிறி அண்ணாந்து பார்த்தது. மேலே, முன்னால், பின்னால் என்று எல்லா இடத்திலும் புதுசுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அண்ணே, வாங்க!" என்றது போர்டு.

விசிறி கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றது.

"காத்து நல்லா வருதாடா?"