இரண்டாவது நாற்காலி

"குடிச்சுட்டு உட்காரத்தான் ஊர்ல அத்தனை பார் இருக்கே. இங்க எதுக்கு வர்றீங்க?"

வெல்டர் கேட்டேவிட்டான். பல வாரமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

எதிர் நாற்காலியில் இருந்தவர் ஒரு பெரியவர். தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டையும் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் அந்த அறையைக் கண்டுபிடிக்க வெல்டர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. போர்டு கிடையாது. யாரிடமாவது வழி கேட்டால், கேட்டவன் குடிகாரன் என்று தெரிந்துவிடும். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. கடைசியில் உள்ளே நுழைந்ததற்குக் காரணம், வீட்டில் அவனுக்காகக் காத்திருக்க ஆளில்லாமல் போனதுதான்.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் வாசலில் நின்று சத்தியம் செய்தான்.

"உங்க சத்தியம் காலையில போட்டுச் சாயங்காலம் கழட்டுற சட்டை" என்றாள். கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். மறுபடி ஒரு தடவை தொட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று கதவைச் சாத்தினாள்.

அப்போதெல்லாம் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற டைப்பிங் மாஸ்டர். குடியை விட நினைக்கிற இரண்டு பேர் உட்கார்ந்தால் அது கூட்டம், ஒருத்தன் மட்டும் உட்கார்ந்தால் அது வெறும் அறை, வெறும் அறையில் உட்காராதே, மனசு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்.

மாஸ்டர் படுத்த படுக்கையானார். மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். சிலர் குணமானதால், சிலர் குணமாகாததால். மிஞ்சியது வெல்டரும், அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த இந்தப் பெரியவரும்தான்.

பெரியவர் முன்னதாகவே வந்து நாற்காலிகளை எதிரெதிரே போட்டு வைத்திருப்பார். "சொல்லுங்க தம்பி, இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்பார். வெல்டர் சொல்வான். கை நடுங்கிப் பற்றவைப்பு கோணலாய்ப் போனது, பட்டறையில் 'சாமியார் வந்துட்டார்' என்று கேலி செய்தது, மகள் போனில் பேச மறுத்தது எல்லாம் சொல்வான். அவர் முறை வந்தால் மட்டும், இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது அந்த வாடை. குடியை விட்டவன் மூக்கு, அடுத்த தெருவில் பாட்டில் மூடியைத் திறந்தாலும் சொல்லிவிடும். பெரியவரிடம் அது நெருங்கி உட்கார்ந்தாலே அடித்தது.

"அந்த வாடைக்கு எனக்கு நாக்கு ஊறுதுய்யா. திருந்த வந்த இடத்துல என்னைக் கவுத்துடாதீங்க. இனிமே வராதீங்க" என்றான் வெல்டர்.

பெரியவர் எழுந்தார்.

"நீங்க வருவீங்கல்ல தம்பி?"

"நான் எதுக்கு வராம நிக்கணும்?"

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் வெல்டர் வந்தபோது நாற்காலிகள் இரண்டும் எதிரெதிரே கிடந்தன. ஆளில்லை. உட்கார்ந்தான். பேசுவதற்கு அந்த வாரம் நிறைய இருந்தது. மனைவி போனை எடுப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்வாசல் வழியாகப் போனால் கடை பக்கம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நாக்கு வறண்டது. எழுந்துவிட்டான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியைப் பெருக்கும் அம்மா உள்ளே வந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க தம்பி, இந்த வாரம் எப்படிப் போச்சு?"

வெல்டர் விழித்தான்.

"அப்படித்தான் கேக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு பெரியவர். நாற்காலியைப் போட்டுட்டு, தம்பி வந்தா தனியா விட்டுடாதேம்மான்னாரு."

"குடிகார மனுஷனுக்கு என் மேல என்னம்மா அவ்வளவு அக்கறை?"

"யாரு குடிகாரர்?" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் கதவு, மேஜைக்கெல்லாம் பாலிஷ் போடுறவர். நாள் பூரா ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்க்கிற கை அது. அந்தச் சாராய வாடை எந்த சோப்புக்கும் போகாது. ஒரு சொட்டு வாயில வெச்சதில்லை."

வெல்டர் மெதுவாக உட்கார்ந்தான். "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"குடிக்காதவர்னு சொன்னா கூட்டக் கணக்குல அவர் வர மாட்டாராமே. நீங்க ஒத்தை ஆளாயிடுவீங்க, கூட்டமே இல்லைன்னு ஆயிடும்னாரு."

"இதுல அவருக்கு என்னம்மா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சது அவர் பையன். குடிச்சே போயிட்டான். போறதுக்கு முந்தி ஒரு நாள், விட்டுடணும்னு இந்த ரூமைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்திருக்கான். அன்னிக்கு இங்க நாற்காலி மட்டும்தான் இருந்துச்சாம்."