தனக்கு முன்னால் வந்த அரசர்

கொங்கஸ் எங்கள் அரசரான பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், வழக்கப்படி குடிமக்களின் வீடுகளில் விருந்துண்டு, அங்கங்கே வழக்குத் தீர்த்துவரக் கிளம்பினார். அவருடைய தேரோட்டி நான்.

முதல் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து விழித்தார்.

"என்ன ராஜா, திரும்பி வந்துட்டீங்க? காலையிலதான சாப்பிட்டுக் கிளம்புனீங்க?"

முற்றத்தில் பன்றி எலும்புகள் கிடந்தன. அரசருக்காகக் காத்திருந்த எல்லைத் தகராறும் தீர்ந்திருந்தது. நல்ல தீர்ப்பு என்று இரண்டு தரப்பாரும் சொன்னார்கள்.

அடுத்த வீட்டிலும் அப்படியே நடந்தது. அரசருக்குத் தூக்கம் போயிற்று.

"ஓட்டு ஃபிண்டான். என் உருவத்துல போறவனுக்கு முன்னாடி போயாகணும்" என்று என் முதுகைக் குத்திக்கொண்டே வந்தார். கூட வந்த வீரர்கள் பின்தங்கிப் போனார்கள்.

மலைக்கு அப்பால், லஸ்ஸார் என்ற விதவையின் வீட்டுக்கு நாங்களே முதலில் போய்ச் சேர்ந்தோம். அவள் அப்போதுதான் அடுப்பு மூட்டினாள். அரசர் வாசலைப் பார்த்தபடியே சாப்பிட்டார். வாசலைப் பார்த்தபடியே, வழக்கைக் கேட்காமல், அவளுடைய கறவைப் பசுவைப் பக்கத்து வீட்டானுக்குக் கொடுத்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னவரு வந்திருந்தா கேட்டிருப்பாரு" என்றாள் அவள்.

மழையில் கோட்டைக்குத் திரும்பினோம். கதவு சாத்தியிருந்தது.

"ராஜா உள்ள சாப்பிடுறாரு. நீங்க யாருய்யா?" என்றான் காவல்காரன்.

உள்ளேயிருந்து அரசரின் குரல் கேட்டது.

"ஃபிண்டானா? நனைஞ்சிருப்ப. குதிரைகளக் கட்டிட்டு வந்து சாப்பிடுப்பா."

கதவு ஓராள் நுழையும் அளவுக்குத் திறந்தது. தேரில் நின்றிருந்த அரசர் என்னையே பார்த்தார்.

நான் குதிரைகளை அவிழ்த்தேன்.